ஏசி மெக்கானிக் வைத்த விருந்து

"நம்ம வீட்டுல ஏசியே இல்லையேம்மா. ஏசி மெக்கானிக் எதுக்கு வாராவாரம் உனக்கு போன் பண்றாரு?"

பெரியவன் இப்படிக் கேட்டதும், அம்மா கையிலிருந்த காபி மேசைமீது சிந்தியதும், "இனிமே வாங்கினா உதவுமேன்னு இப்பவே பேசி வெச்சுக்கறேன்" என்று அவள் ஒருவழியாகச் சமாளித்ததும் போன வாரத்துக் கதை.

அந்த ஏசி மெக்கானிக், உண்மையில் ஒரு நாய் டாக்டர். நாய் மட்டுமல்ல, பூனை, முயல், கிளி எல்லாவற்றுக்கும்தான். பெரியவனை விட்டுப் பிரிந்து இரண்டு வருடம் ஆகிறது. கோர்ட்டு கணக்குப்படி அவனுக்கு இனி அவள் யாரோ. சின்னவளுக்கு மட்டும் இன்னும் அண்ணி. அம்மாவுக்கோ, செல்போனில் அவள் பெயரை மாற்றி எழுதி வைத்துக்கொண்டாவது பேசியே ஆக வேண்டிய மருமகள்.

அம்மா பெரிய ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டர். விவாகரத்துத் தீர்ப்பு வந்த அன்று சாயங்காலம் மருமகளுக்கு போன் போட்டு, "சாப்பிட்டியா?" என்று கேட்டாள். வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை. அந்த ஒரு கேள்வி இன்றுவரை வாரம் தவறாமல் போய்க்கொண்டிருக்கிறது. நேரில் மட்டும் பார்த்ததில்லை. பார்த்தால் மகனுக்குத் துரோகம் செய்ததாகிவிடும் என்று அம்மாவுக்கு ஒரு எண்ணம். போனில் பேசினால் மட்டும் துரோகம் ஆகாதாம்.

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் நேர்ல வாங்க அத்தை. உங்ககிட்ட ஒண்ணு கேட்கணும். போன்ல கேட்கற விஷயம் இல்ல" என்று அண்ணி சொன்னதிலிருந்து அம்மாவுக்குத் தூக்கம் போயிற்று.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் வந்துவிட்டது.

பெரியவன் காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு டிபோவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். நகரப் பேருந்து ஓட்டுகிறவனுக்கு ஞாயிறென்ன, திங்களென்ன.

"எங்க ஆபீஸ்ல புதுசா சேர்ந்திருக்காளே, அவ வீட்டுல சாப்பாடு. நானும் சின்னவளும் போயிட்டு வந்துடறோம்" என்றாள் அம்மா, கேட்காமலே.

பெரியவன் ஷூ கயிற்றைக் கட்டியபடி தலையாட்டினான். அவன் அப்படித்தான். கெட்ட பழக்கம் ஒன்றும் கிடையாது. குரல் உயர்த்த மாட்டான். சம்பளத்தை அப்படியே வீட்டில் கொடுப்பான். ஆனால் பேச மாட்டான். அண்ணி பாவம், வாய் பேசாத ஜீவன்களோடு பகலெல்லாம் மல்லுக்கட்டிவிட்டு வீட்டுக்கு வந்தால் அங்கேயும் ஒன்று. நாலு வருடம் பொறுத்துப் பார்த்தாள். ஒருநாள், "நான் இங்க இருக்கறதும் இல்லாததும் ஒண்ணாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டாள். அதற்கும் அவன் ஒன்றும் சொல்லவில்லை.

கதவைச் சாத்துமுன் திரும்பிப் பார்த்தான். "சாப்பாட்டுக்குப் போறதுக்கு எதுக்கும்மா புதுச் செருப்பு?"

"பழசு கடிக்குதுடா."

"புதுசுதான் கடிக்கும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

அம்மா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள். "தெரிஞ்சிருக்குமோ?"

"செருப்பை வெச்சு அவ்வளவு தூரம் கண்டுபிடிச்சா அண்ணன் ஏன் பஸ் ஓட்டப் போறான்? போலீஸ்ல சேர்ந்திருப்பான். எழுந்திரும்மா" என்றாள் சின்னவள்.

*

அண்ணி சொன்ன இடம் ஒரு சீன ஹாட்பாட் பஃபே. மூன்று பேரில் ஒருத்திகூட அதற்குமுன் அப்படியொரு கடைக்குள் கால் வைத்ததில்லை. தெரிந்தவர்கள் யாரும் வர மாட்டார்கள் என்பதற்காகவே அண்ணி அதைத் தேர்ந்தெடுத்திருந்தாள். வாசலிலேயே ஒரு பேருந்து நிறுத்தம் இருந்தது. ஆனால் பெரியவன் ஓட்டும் தடம் பாலத்து வழியாக வேறு பக்கம் போவது. சின்னவள் அதையெல்லாம் விசாரித்துவிட்டுத்தான் சரி என்றிருந்தாள்.

கண்ணாடிச் சுவரையொட்டிய மேசையில் அண்ணி உட்கார்ந்திருந்தாள். இவர்களைப் பார்த்ததும் எழுந்தாள். அம்மா அவளை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தாள்.

"இளைச்சுட்ட."

"நாலு கிலோ கூடியிருக்கேன் அத்தை."

"போன்ல கேட்டப்போ இளைச்ச மாதிரி இருந்துது" என்ற அம்மா, அவளை இழுத்துக் கட்டிக்கொண்டாள். சட்டென்று விடவில்லை. பக்கத்து மேசைக்காரர்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். சின்னவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாள். கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவள் அவள். துடைக்கத் துணி எப்போதும் கையில் இருக்கும் என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

பரிமாறுகிற பெண் ஓடிவந்து மூன்று பேர் கழுத்திலும் சிவப்பு ஏப்ரனை மாட்டி, பின்னால் முடிச்சுப் போட்டுவிட்டாள். ஏப்ரனில் ஒரு மிளகாய்ப் பழம் பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தது.

"எனக்கு எதுக்கும்மா இது? நான் என்ன ஆபரேஷனா பண்ணப் போறேன்?" என்றாள் அம்மா.

"சூப் தெறிக்கும் ஆன்ட்டி."

மேசை நடுவில் ஓர் அடுப்பு பதித்திருந்தது. அதன்மேல் அகலமான பாத்திரம். குறுக்கே ஒரு தகடு வைத்து அதை இரண்டாகப் பிரித்திருந்தார்கள். ஒரு பக்கம் காளானும் இஞ்சியும் மிதக்கிற வெளிர்நிறச் சூப். மறுபக்கம் எண்ணெயும் வற்றல் மிளகாயுமாக ரத்தச் சிவப்பில் இன்னொன்று. சுவரோரமாக நீளமான குளிர்ப்பெட்டி அடுக்குகளில் கறி, மீன், கீரை, காய், காளான் எல்லாம் பச்சையாகவே வரிசை கட்டியிருந்தன.

"வேணுங்கறதை எடுத்துட்டு வந்து இதுல போட்டு, வெந்ததும் சாப்பிடலாம். எத்தனை தடவை வேணும்னாலும் எடுக்கலாம். எடுத்ததை மட்டும் மீதி வைக்கக் கூடாது" என்றாள் அந்தப் பெண்.

"வெச்சா?"

"கூடுதலா பில் போட்டுடுவாங்க ஆன்ட்டி."

அம்மா அவள் போகும்வரை காத்திருந்தாள். பிறகு மெல்லக் குனிந்து, "காயைப் பச்சையா அடுக்கி வெச்சுட்டு, அடுப்பையும் நம்ம மேசையிலயே வெச்சுட்டு, நம்மளையே சமைச்சுக்கச் சொல்றாங்க. அப்ப இவங்க எல்லாம் என்னதான் பண்றாங்க?" என்றாள்.

"மேற்பார்வை" என்றாள் சின்னவள்.

அண்ணி வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டுத்தான் எத்தனை நாளாயிற்று! அம்மாவின் முகத்தில் காலையிலிருந்து இருந்த இறுக்கம் அப்போதுதான் தளர்ந்தது.

மூவரும் தட்டெடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். அம்மா முதலில் சந்தேகத்தோடுதான் நடந்தாள். தாமரைத் தண்டை வட்டம் வட்டமாக வெட்டி வைத்திருந்ததைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்து, "ஓட்டை ஓட்டையா இருக்கு, பூச்சி அரிச்சிருக்கு" என்று திருப்பி வைத்தாள். ஆட்டுக்கறியை ரிப்பன்போல மெல்லிசாகச் சீவிச் சுருட்டி வைத்திருந்ததைப் பார்த்ததும் அசந்துபோனாள். "இப்படிச் சீவ எவ்வளவு பொறுமை வேணும்!" அதற்குப் பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. சோளத் துண்டு, காடை முட்டை, மீன் உருண்டை, நூல் நூலாக ஒரு காளான் கட்டு, கண்ணாடி மாதிரி ஒரு நூடுல்ஸ். தட்டு கோபுரமாகிவிட்டது.

"மீதி வைக்கக் கூடாதும்மா!"

"யாரு மீதி வைக்கப் போறா? காலையிலேர்ந்து பச்சைத் தண்ணி குடிக்கல நான்."

திரும்பி வந்து உட்கார்ந்ததும் அம்மா கொதிக்கிற சூப்பில் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டினாள். பரிமாறுகிற பெண் பதறிக்கொண்டு வந்தாள். "கறி நிறம் மாறினதும் எடுத்துடணும் ஆன்ட்டி, இல்லன்னா ரப்பராயிடும். உருளைக்கிழங்குக்குத்தான் நேரம் ஆகும்." அம்மா குச்சிகள் இரண்டையும் ஸ்வெட்டர் பின்னுகிறவள்போலப் பிடித்து ஒரு மீன் உருண்டையைத் துரத்தினாள். அது வழுக்கிக்கொண்டு சோளத்துக்குப் பின்னால் ஒளிந்தது. கடைசியில் ஓட்டைக் கரண்டி கேட்டு வாங்கி, தூர் வாருகிற மாதிரி அள்ளினாள்.

சிவப்புச் சூப்பில் முக்கியெடுத்த கறியைத்தான் முதலில் வாயில் போட்டாள். மென்றாள். கண்ணை மூடினாள். திறந்தாள்.

"எப்படி அத்தை?"

"இது காரமில்ல. கரண்டு!"

"இதுல போடற சீன மிளகு அப்படித்தானாம். நாக்கை மரத்துப்போக வைக்குமாம்."

"நாக்கு மட்டுமா? எனக்கு உதடு எங்க இருக்குன்னே தெரியல" என்றபடியே அம்மா இன்னொரு துண்டை எடுத்து மறுபடியும் சிவப்பிலேயே முக்கினாள்.

*

முதல் சுற்று முடிந்து ஆவி கொஞ்சம் அடங்கியபோது அண்ணி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அத்தை, நான் கல்யாணம் பண்ணிக்கப் போறேன்."

அம்மா வாயிலிருந்ததை விழுங்கினாள். கைக்குட்டையால் உதட்டைத் துடைத்தாள். "எனக்கு வாய்தான் மரத்திருக்கு, காது நல்லா இருக்கு. கல்யாணம்னுதானே சொன்ன?"

"ஆமா அத்தை."

"யாரு?"

"ஸ்கூல்ல கணக்கு வாத்தியார். ஒத்தைக் கண்ணு பூனை ஒண்ணைத் தூக்கிட்டு வந்தாரு. அதுக்குச் சரியானதுக்கு அப்புறமும் வாராவாரம் தூக்கிட்டு வந்தாரு. அந்தப் பூனைக்கே அலுத்துப் போச்சு."

சின்னவளுக்குச் சிரிப்பு வந்தது. அம்மாவைப் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டாள். அம்மா சிரிக்கவில்லை, அழவும் இல்லை. சூப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொதி வந்து ஒரு காளான் மேலே எழும்பி மறுபடி அமுங்கியது.

"நல்லா இரு" என்றாள் ஒருவழியாக. "இதைச் சொல்லத்தான் கூப்பிட்டியா? இதை போன்லயே சொல்லியிருக்கலாமே."

"இது சொல்ல வேண்டியது. கேட்க வேண்டியது வேற."

அண்ணி சொல்லச் சிரமப்பட்டாள்.  கையிலிருந்த பேப்பர் நாப்கின் நார் நாராகிக்கொண்டிருந்தது.

"ரிஜிஸ்டர் ஆபீஸ்ல, அடுத்த மாசம். அவர் பக்கம் அம்மா, அப்பா, அக்கா, தங்கச்சின்னு ஒரு வண்டி ஆளுங்க வர்றாங்க. என் பக்கம் யாருமில்ல. எங்க அம்மா இல்லைன்னு உங்களுக்குத் தெரியும். அப்பா, உங்க வீட்டுலேர்ந்து நான் கிளம்பினதிலேர்ந்து முகம் கொடுத்துப் பேசறதில்ல. கல்யாணம்னு சொன்னப்பவும் போனை வெச்சுட்டாரு. நீங்க வந்து என் பக்கத்துல நிக்கணும் அத்தை. சாட்சிக் கையெழுத்தும் நீங்கதான் போடணும்."

"நானா?"

"நீங்கதான்."

"ஏம்மா, மாமியாரா இருந்தவ பொண்ணு வீட்டுக்காரியா வந்து நிக்கறதா? நான் யாருன்னு அவங்க கேட்டா என்ன சொல்லுவ?"

"எங்க அத்தைன்னு சொல்லுவேன். எல்லாருக்கும்தான் அத்தை இருக்காங்க."

 அம்மாவின் மனசில் வேறு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அது முகத்தில் தெரிந்தது.

"எம் புள்ளை..." என்று ஆரம்பித்தாள். நிறுத்தினாள். "அவன் ஒண்ணும் சொல்ல மாட்டான். அதுதான் எனக்குப் பயம். சண்டை போட்டாக்கூடத் தேவலை. அவன்பாட்டுக்குச் சாப்பிட்டுட்டு, தட்டைக் கழுவி வெச்சுட்டுப் போய்ப் படுத்துடுவான். உள்ளுக்குள்ள என்ன ஆச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"மாட்டேன்னு சொன்னாலும் நான் தப்பா எடுத்துக்க மாட்டேன் அத்தை."

"கொஞ்சம் சாஸ் எடுத்துட்டு வர்றேன்" என்று அம்மா எழுந்து போனாள்.

சாஸ் மேசை எதிர்ச்சுவரோரம் இருந்தது. எள்ளு விழுது, பூண்டு, கொத்தமல்லி, மிளகாய் எண்ணெய் என்று கிண்ணம் கிண்ணமாக வைத்திருந்தார்கள். அம்மா அங்கே நின்று ஒவ்வொன்றாகக் கரண்டி கரண்டியாகத் தன் கிண்ணத்தில் ஊற்றினாள். ஊற்றுகிறோம் என்ற நினைப்பே அவளுக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

"நான் கேட்டிருக்கக் கூடாதோ?" என்றாள் அண்ணி.

"கேட்டதுதான் நல்லது அண்ணி. கேட்காம வேற யாரையாவது கூட்டிட்டுப் போயிருந்தா அம்மா உங்களை மன்னிச்சிருக்கவே மாட்டா."

"உங்க அண்ணன் எப்படி இருக்காரு?"

முன்பெல்லாம் அண்ணி அவனை 'அவன்' என்றுதான் சொல்வாள். விவாகரத்துக்குப் பிறகு மரியாதை கூடியிருந்தது.

"நல்லா இருக்கான். இப்பல்லாம் காலையில நடக்கப் போறான்" என்றாள் சின்னவள்.

"நடக்கவா? உங்க அண்ணனா?"

சின்னவள் பதில் சொல்ல வாயெடுத்தபோது அம்மா வந்து உட்கார்ந்தாள். கிண்ணம் விளிம்புவரை நிரம்பி, பார்க்கவே பயமாக இருந்தது.

"இங்க பாரு..." என்று அண்ணியைப் பார்த்து ஆரம்பித்தவள், முதலில் ஒரு வாய் நூடுல்ஸை எடுத்தாள்.

அந்த நேரத்தில்தான் கண்ணாடிக்கு வெளியே ஒரு பேருந்து வந்து நின்றது.

மூவரும் இயல்பாகத்தான் திரும்பிப் பார்த்தார்கள். பேருந்தின் முன்பக்கம் மிகச் சரியாக அவர்கள் மேசைக்கு நேர் எதிரே இருந்தது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் பெரியவன்.

அம்மாவின் வாயிலிருந்து ஒரு நூடுல்ஸ் பாதி வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. அதை இழுக்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. மூன்று சிவப்பு ஏப்ரன்களையும் பெரியவன் வரிசையாகப் பார்த்தான். அம்மாவை, தங்கையை, பிறகு அவளை. ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். கதவு மூடியது. பேருந்து நகர்ந்தது.

"அவன் தடம் இது இல்லையே!" சின்னவளின் குரல் கீச்சிட்டது.

தண்ணீர் ஊற்ற வந்த பெண், "பாலத்துக்கிட்ட ரோடு தோண்டியிருக்காங்க. இன்னைக்கு எல்லா வண்டியும் இந்தப் பக்கமாத்தான் சுத்தி வருது. தெரு முனையிலதான் கடைசி ஸ்டாப்" என்றாள். யாரும் கேட்காமல்.

*

 பாத்திரத்தில் உருளைக்கிழங்கு கரைந்துகொண்டிருந்தது.

அண்ணி கைப்பையை எடுத்தாள். "நான் கிளம்பறேன் அத்தை. என்னால உங்களுக்கு..."

"உட்காரு" என்றாள் அம்மா.

நூடுல்ஸை ஒருவழியாக உள்ளே இழுத்துவிட்டு, நன்றாக மென்று, தண்ணீர் குடித்தாள். ஆஸ்பத்திரி டெலிபோன் போர்டில் ஒரே நேரத்தில் எல்லா விளக்கும் எரிகிறபோது அவள் குரல் இப்படித்தான் நிதானமாகுமாம். கூட வேலை பார்க்கிறவர்கள் சொல்லிச் சின்னவள் கேட்டிருக்கிறாள்.

"சாஸ் எடுக்கப் போனப்பவே நான் முடிவு பண்ணிட்டேன். அவன் பார்த்ததால மாத்திக்கப் போறதில்ல. நான் வர்றேன். உன் பக்கத்துல நிக்கறேன். கையெழுத்தும் போடறேன்."

"அத்தை..."

"எம் புள்ளைகிட்ட நானே சொல்லிக்கறேன். திருட்டுத்தனமா ரெண்டு வருஷம் பேசினது போதும். எனக்கே அசிங்கமா இருக்கு. உன் பேரை மாத்தி எழுதி வெச்சுக்கிட்டு, என்ன பொழப்பு இது?"

அண்ணி இப்போதுதான் அழுதாள். பேப்பர் நாப்கினெல்லாம் நாராகிவிட்டதால் ஏப்ரனை எடுத்துத்தான் முகத்தைத் துடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஏப்ரனில் தெறித்திருந்த மிளகாய் எண்ணெய் கண்ணில் பட்டு, அப்புறம் நிஜமாகவே கண்ணீர் தாரை தாரையாக வழிந்தது. சின்னவள் ஓடிப்போய் ஐஸ்கட்டி வாங்கி வந்தாள். அம்மா திட்டிக்கொண்டே அவள் கண்ணை ஒற்றிவிட்டாள். "மாட்டுக்கெல்லாம் வைத்தியம் பாக்கறா, மிளகாய் பட்ட துணியால கண்ணைத் தொடக் கூடாதுன்னு தெரியல!"

இந்தக் கோலத்தில் அவர்கள் இருந்தபோதுதான் பெரியவன் உள்ளே வந்தான்.

காக்கிச் சட்டை, கையில் தொப்பி. கடைசி நிறுத்தத்தில் வண்டியைப் போட்டுவிட்டு நடந்தே வந்திருந்தான். பரிமாறுகிற பெண் ஓர் ஏப்ரனை எடுத்துக்கொண்டு ஓடினாள். அவன் கையை ஆட்டி வேண்டாமென்றான். மேசைப் பக்கம் வந்து நின்றான்.

"அவ கண்ணுக்கு என்ன?" இதுதான் அவன் முதலில் கேட்டது.

"மிளகாய் எண்ணெய்" என்றாள் சின்னவள்.

"ஐஸை நேரா வைக்காதம்மா. துணியில சுத்தி வை."

சொல்லிவிட்டு, யாரும் சொல்லாமலே காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தான். அண்ணி ஒரு கண்ணை மூடிக்கொண்டு மறுகண்ணால் அவனைப் பார்த்தாள். அம்மா வாயைத் திறந்தாள். அதற்குள் அண்ணி முந்திக்கொண்டாள்.

"இருங்க அத்தை. இது நான் சொல்ல வேண்டியது." அவன் பக்கம் திரும்பினாள். "நான் கல்யாணம் பண்ணிக்கப் போறேன். அத்தையை என் பக்கம் வந்து நிக்கச் சொல்லிக் கேட்டேன். அவங்க மேல கோபப்படாதீங்க. நான்தான் கூப்பிட்டேன்."

பெரியவன் உடனே ஒன்றும் சொல்லவில்லை.  ஆரம்பித்துவிட்டான், இனி ஒரு மாதம் வீட்டில் கடிகாரச் சத்தம் மட்டும்தான் என்று சின்னவள் நினைத்தாள்.

அவன் தங்கையின் தட்டிலிருந்து ஒரு குச்சியை எடுத்து, ஒரு காளானைக் குத்தி, சூப்பில் விட்டு, அது வேகும்வரை பிடித்துக்கொண்டிருந்தான்.

"நல்ல ஆளா?"

"நல்ல ஆளு."

"பேசுவாரா?"

அண்ணி ஒரு கணம் தயங்கினாள். "நிறுத்தவே மாட்டாரு. தூக்கத்துலயும் கணக்கு சொல்வாராம், அவங்க அக்கா சொல்லிச்சு."

பெரியவன் சிரித்தான். சின்னச் சிரிப்புதான். ஆனால் அதில் கசப்பு இல்லை. அம்மா கூர்ந்து பார்த்தாள், நிஜமாகவே இல்லை.

"அப்ப சரி" என்றான். பிறகு, மூவருமே எதிர்பார்க்காத வகையில், தொடர்ந்து பேசினான். "நீ கிளம்பின அன்னைக்கு நான் ஏதாவது சொல்லியிருக்கணும். என்ன சொல்றதுன்னு ஒரு வாரம் கழிச்சுத்தான் தோணிச்சு. அதுக்குள்ள லேட்டாயிடுச்சு. எங்கேயோ நல்லா இருந்தா சரின்னு நினைச்சுக்குவேன். இப்ப நேர்லயே பார்த்துட்டேன். அம்மா வந்து நிக்கட்டும். அதுல எனக்கு ஒண்ணும் இல்ல. அம்மா எனக்குப் பயந்துதான் உன்னோட மறைஞ்சு மறைஞ்சு பேசறான்னு எனக்குத் தெரியும். எனக்குத்தான் அதை நிறுத்தச் சொல்லவும் மனசு வரல, தெரியும்னு சொல்லவும் வாய் வரல."

"தெரியுமா?" என்றாள் அம்மா.

"ஏம்மா, நீ ஆஸ்பத்திரியில போன் பேசினா 'வணக்கம், எந்த வார்டு?'ன்னு கேப்ப. ஏசி மெக்கானிக்கைப் பார்த்து யாராவது 'தலைக்குக் குளிச்சியா, முடியைக் காய வெச்சியா'ன்னு கேப்பாங்களா?"

அண்ணிதான் முதலில் சிரித்தாள், ஒற்றைக் கண்ணோடு. பிறகு சின்னவள். அம்மா அவமானமும் சந்தோஷமுமாக ஏப்ரனால் வாயைப் பொத்திக்கொண்டாள். பெரியவன் அந்தக் காளானை எடுத்துச் சாப்பிட்டான். இரண்டு மூன்று தரம் மென்றதும் அவன் முகம் மாறியது.

"என்ன இது? வாய் மரத்துப் போகுது!"

"சிவப்புப் பக்கம் முக்கிட்ட. வெள்ளைப் பக்கம் போட்டிருக்கணும்" என்றாள் அண்ணி. 'நீங்க' போய் 'நீ' வந்துவிட்டதை அவள் கவனிக்கவில்லை. அம்மா கவனித்தாள். தன் தட்டிலிருந்த கறியையெல்லாம் வழித்து மகன் தட்டில் போட்டாள்.

"சாப்பிடுடா. நல்லாயிருக்கு. மீதி வைக்கக் கூடாதாம்."

அவன் சாப்பிட்டான். நால்வரும் சாப்பிட்டார்கள். அப்படி ஒரு மேசையில் அவர்கள் சேர்ந்து உட்கார்ந்து எவ்வளவு காலமாயிற்று என்று சின்னவள் நினைத்துப் பார்த்தாள். சேர்ந்திருந்த காலத்தில்கூட இத்தனை சத்தமாகச் சாப்பிட்டதில்லை. ஆவியில் அவள் கண்ணாடி மங்கியது. இந்தத் தடவை துடைக்கவில்லை. மங்கலாகப் பார்ப்பதற்கே நன்றாக இருந்தது.

பெரியவன் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழுந்தான். தொப்பியை எடுத்துக்கொண்டான். போகத் திரும்பியவன் நின்றான்.

"கல்யாணத்துக்கு நானும் வரலாமா?"

அம்மா நிமிர்ந்தாள். இதற்கு அவள் பதில் சொல்ல முடியாது. அண்ணியைப் பார்த்தாள்.

அண்ணி யோசித்தாள். நன்றாகவே யோசித்தாள். "வா" என்றாள். "ஆனா தனியா வந்து ஒரு மூலையில நிக்காத. எனக்குக் கஷ்டமா இருக்கும்."

"தனியா வர மாட்டேன்" என்றான் பெரியவன்.

"அம்மாவும் நானும் இருப்போம்ல" என்றாள் சின்னவள்.

"நான் உங்களைச் சொல்லல."

ஓட்டைக் கரண்டி அம்மாவின் கையிலிருந்து நழுவிச் சூப்புக்குள் போயிற்று.

"பின்ன யாரைடா சொல்ற?"

"வண்டி எடுக்கணும்மா. நேரமாச்சு." காது நுனிவரை சிவந்து போய், அவன் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனான்.

"டேய்! நில்லுடா! யாருடா?"

அவன் நடையை எட்டிப் போட்டுத் தெரு முனையில் மறைந்துவிட்டான். அம்மா சின்னவள் பக்கம் பாய்ந்தாள். "உனக்குத் தெரியுமா? யாருடி?"

"சத்தியமா தெரியாதும்மா! ஆனா காலையில நடக்கப் போறானே, போறப்போ தலையைப் படிய வாரிட்டுத்தான் போறான். யாராவது தலை வாரிட்டு நடக்கப் போவாங்களா?"

"இதை ஏண்டி என்கிட்ட முன்னாடியே சொல்லல?"

அதற்குள் பேருந்து தெரு முனையிலிருந்து திரும்பி, எதிர்ச்சாரி நிறுத்தத்தை நோக்கி வந்துவிட்டது. அம்மா ஜன்னல் வழியாகப் பார்த்தாள். நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினாள். அண்ணி, "அத்தை, எங்க..." என்பதற்குள் அம்மா கதவைத் தாண்டியிருந்தாள். புதுச் செருப்பு மேசைக்கடியிலேயே கிடந்தது. வெறுங்காலோடு, சிவப்பு ஏப்ரன் முன்னால் படபடக்க, ஒரு கையை உயர்த்திக் கார்களையெல்லாம் நிறுத்திக்கொண்டு தெருவைக் குறுக்கே கடந்தாள்.

பேருந்தின் கதவு மூடப்போய் மறுபடி திறந்தது. ஏறினாள்.

கண்ணாடிச் சுவரில் நெற்றியை ஒட்டிக்கொண்டு அண்ணியும் சின்னவளும் பார்த்தார்கள். 'வண்டி ஓடும்போது ஓட்டுநரிடம் பேசாதீர்' என்ற பலகைக்கு நேர் கீழே அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மறுகை காற்றில் ஏறி இறங்கியது. முன்சீட்டுக்காரர்கள் எட்டிப் பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். பேருந்து மெதுவாக நகர்ந்தது.

பரிமாறுகிற பெண் வந்து அம்மாவின் தட்டைப் பார்த்தாள். பாதிக் கறி, மூன்று காடை முட்டை, பயங்கரமான அந்தச் சாஸ் கிண்ணம்.

"ஆன்ட்டி சாப்பிட்டு முடிச்சுட்டாங்களா? எடுத்துடலாமா?"

"இருக்கட்டும்" என்றாள் அண்ணி, கண்ணை வெளியிலிருந்து எடுக்காமலே. "பேரு தெரியாம அவங்க இறங்க மாட்டாங்க. தெரிஞ்சதும் நேரா இங்கதான் வருவாங்க. இன்னும் கொஞ்சம் சூப் ஊத்துங்க."